மூன்று கிலோ இருநூறு

சின்னமனூர்
16.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

பவானி எழுதுவது. நான், பாப்பா, அப்பா மூவரும் நலம். உங்கள் தோள்பட்டை எப்படி இருக்கிறது? பிளேட் வைத்த இடம் சாரல் காற்றுக்குக் குத்துகிறதா?

போன் இருக்கும்போது என்ன கடிதம் என்று சிரிப்பீர்கள். போனை எடுத்தால் மூன்றாவது நிமிடத்தில் நான் அழுகிறேன், நீங்கள் கத்துகிறீர்கள், நடுவில் பாப்பா வீறிடுகிறாள். கடிதத்தில் ஒருவர் முடித்த பிறகுதானே மற்றவர் பேச முடியும்? கட்டின புருஷனுக்குத் தபாலில் காகிதம் போடுகிறவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான் என்று போஸ்ட் ஆபீஸில் பேசிக்கொள்ளட்டும். பரவாயில்லை.

வளைகாப்பு அன்று அப்பாவிடம் நீங்கள் சொன்னதைத்தான் தினமும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். “இந்த சீசன்ல கோயமுத்தூர் டீம் சீட் குடுத்தாகன்னா மூணு வருஷம் ரேஸ் ஓட்டுறேன். இல்லையா, ஹெல்மெட்டக் கழட்டிட்டு இங்கன வந்து வாழைக்கன்னு நர்சரி போடுறேன்.” அப்பா அதற்காகவே மேற்குப் பக்கத்து ஒரு ஏக்கரைச் சும்மா போட்டு வைத்திருக்கிறார். போன வருடம் உங்கள் கார் மூன்று முறை உருண்டதை ஆறு மாத வயிற்றோடு போனில் பார்த்தவள் நான். சீட் கிடைக்கக் கூடாது என்று சாமியிடம் கேட்கவில்லை. கிடைக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

பாப்பாவுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. எடை 5 கிலோ 100. அங்கன்வாடி அட்டையில் பச்சைக்குக் கீழே, எடை குறைவு என்று மஞ்சளில் புள்ளி வைத்தார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் பாப்பா, பாப்பா என்றே கூப்பிடுகிறோம். மறைந்த உங்கள் அம்மா பெயர் ராக்கம்மாள் என்று வைப்பதா, என் அம்மா பெயர் மகாலட்சுமி என்று வைப்பதா? தகப்பன் வாயிலிருந்து வரட்டும் என்று அப்பா காத்திருக்கிறார். ஒரு வரி எழுதுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
பவானி


கோயம்புத்தூர்
30.6.2024

அன்புள்ள பவானிக்கு,

ஈஸ்வரபாண்டி எழுதுவது. நான் நலம். தோள் பழகிவிட்டது. உன் அப்பாவுக்கு வணக்கம் சொல்.

கடிதம் நல்ல யோசனைதான். நீ அழுவது கேட்காது.

வேளைக்குச் சாப்பிடு என்று எழுதியிருக்கிறாய். அதுதான் இங்கே முடியாத காரியம். விவரமாகச் சொல்கிறேன். எங்கள் வகுப்பில் காரும் ஆளும் சேர்ந்து 860 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஆள் என்றால் ஹெல்மெட், ஓவரால், ஷூ எல்லாம் மாட்டிய ஆள். ஓட்டம் முடிந்து உள்ளே வருகிறவனை அப்படியே தராசில் ஏற்றிவிடுவார்கள். ஏற்றும்வரை ஒரு வாய் தண்ணீர் தரக் கூடாது, முகம் துடைக்கத் துண்டு நீட்டக் கூடாது. தண்ணீரும் எடை, துண்டும் எடை. 100 கிராம் குறைந்தாலும் ஓடினது ஓடாததுதான்.

குறைகிற எடைக்கு ஈயத் தகடு வாங்கித் தரையோடு தரையாகப் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். பரிசோதகர் வந்து அதற்குக் கம்பி கோத்து முத்திரை வைப்பார். கூடுதலாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கூடின ஒவ்வொரு கிலோவும் ஒவ்வொரு வளைவிலும் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுக்கும்.

எங்கள் டீமில் இன்னொரு ஓட்டுநர் ஆதித்தன். 58 கிலோ. நான் 74. அவன் மிச்சத்தை ஈயமாகத் தரையில் வைக்கிறான், நான் அதே எடையை வயிற்றிலும் தோளிலும் சுமக்கிறேன். முதலாளி சங்கரலிங்கம் அண்ணன் எங்கள் இரண்டு பேரில் ஒருவனைத்தான் சென்னைப் பெரிய வகுப்புக்கு மூன்று வருடம் அனுப்பப் போகிறார். செப்டம்பர் ஓட்டம் முடிந்ததும் பெயரைச் சொல்லிவிடுவார். அதனால் எனக்கு இரவுச் சாப்பாடு கிடையாது. மத்தியானம் ஒரு தோசை.

பாப்பாவைக் கொஞ்சினதாகச் சொல்.

ஈஸ்வரன்


சின்னமனூர்
14.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

பவானி எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உங்கள் சுகம் எப்படி என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

ஒரு தோசை தின்று எப்படி நூற்றைம்பது வேகத்தில் காரைத் திருப்புவீர்கள்? கண் இருட்டினால் என்ன செய்வீர்கள்? கொள்ளுப் பொடி வறுத்து அரைத்து அனுப்பியிருக்கிறேன். உடம்பு ஏறாது, தெம்பு இருக்கும். வெந்நீரில் கலக்கிக் குடியுங்கள். அந்த ஈயத் தகட்டின் போல்ட் கழன்றால் காலில் வந்து அடிக்காதா? யார் முடுக்குகிறார்கள்? ராக்கையா அண்ணன்தானே? அவர் என்றால் எனக்கு நிம்மதி. சின்ன வயதிலிருந்து கூடவே திரிந்த மனுஷன், உங்கள் உயிரில் அவருக்கும் அக்கறை இருக்கும்.

பாப்பாவுக்கு ஊசி போட்டு இரண்டு நாள் காய்ச்சல். இப்போது இல்லை. 5 கிலோ 400. மறுபடியும் மஞ்சள்தான். பெயர் கேட்டிருந்தேன், நீங்கள் எழுதவில்லை. பாப்பாவைப் பற்றிய பத்தி வந்ததும் உங்கள் கண் கீழே கையெழுத்துக்கு இறங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. போனிலும் அப்படித்தான். கார் என்றால் கேள்வி கேட்பீர்கள், பிள்ளை என்றால் “ம்” போடுவீர்கள். நான் சொல்வது தப்பு என்றால் பெயரை எழுதி நிரூபியுங்கள். ராக்கம்மாளா, மகாலட்சுமியா?

உங்கள்
பவானி


கோயம்புத்தூர்
4.8.2024

அன்புள்ள பவானிக்கு,

நலம். கொள்ளுப் பொடி வந்தது. பாதியை ராக்கையா தின்றுவிட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை காரைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு திடுதிப்பென்று வந்து நின்றதற்குக் கோபிக்காதே. டீமில் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து எடை பார்க்கிற நாலு தராசும் பழுதாகி, சரிசெய்ய வெளியூருக்குப் போயிருக்கிறது. அப்போதுதான் லாரிகளை ஏற்றி நிறுக்கிற உன் அப்பாவின் எடை மேடை நினைவுக்கு வந்தது. அரசாங்க முத்திரை வைத்த மேடை. நாற்பது நிமிடம்தான் இருந்தேன், பாப்பாவும் தூங்கிவிட்டாள், என்ன செய்ய?

எடைச் சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். உன் கையெழுத்து. 870! ஓட்டம் முடியும்போது எவ்வளவு பெட்ரோல் மிஞ்சுமோ அவ்வளவு மட்டும் வைத்து, ஓவரால், ஹெல்மெட் மாட்டி நானும் உட்கார்ந்து, 870. உன் அப்பா என்ன சொன்னார் கேட்டாயல்லவா? “மாப்ள, இந்தச் சீட்டக் காமிச்சா மதுரை வியாபாரியே வாயத் தொறக்க மாட்டான். சின்னமனூர்ச் சீட்டுக்கு மேல பேச்சு ஏது?”

அப்படியானால் பத்து கிலோவைச் சும்மா சுமந்து திரிந்திருக்கிறேன். ஏழு கிலோ ஈயத்தைக் கழற்றப் போகிறேன். 863. ஓட்டத்தில் இரண்டு கிலோ வியர்வையாகப் போகும். 861. ஒரு கிலோ கையிருப்பு. முந்தின நாள் தடத்திலேயே அவர்கள் தராசில் ஏற்றிப் பார்க்கலாம்தான். ஆனால் அங்கே வரிசையில் நின்றால் ஆதித்தன் ஆட்கள் நம் எடையைப் பார்த்துவிடுவார்கள். முத்திரைச் சீட்டு கையில் இருக்கும்போது எதற்கு அந்த வேலை?

இந்த ஏழு கிலோ எனக்கு ஒரு சுற்றுக்குக் கால் வினாடி தரும். கால் வினாடி போதும் பவானி. மூன்று வருடச் சீட் அதற்குள் இருக்கிறது.

ஈஸ்வரன்


சின்னமனூர்
18.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

பவானி எழுதுவது. அனைவரும் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

வந்த அன்று உங்கள் கன்னம் ஒட்டிக் கிடந்ததைப் பார்த்தேன். செப்டம்பர் 15 என்று காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன். ஹெல்மெட் பட்டையை இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். டயர் புதிதா? மழை வந்தால் ஓட்டத்தை நிறுத்துவார்களா, ஓட்டச் சொல்வார்களா? முதல் வளைவில் எல்லோரும் ஒன்றாக நுழைகிற இடத்தில் தயவுசெய்து கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். கழற்றுகிற ஈயத்தைக் கழற்றி, மீதியை நன்றாக முடுக்கச் சொல்லுங்கள். பரிசோதகர் முத்திரை வைத்த பிறகு யாரும் அதைத் தொடக் கூடாது.

பாப்பா இப்போது குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். நர்ஸம்மா ஐந்து கிலோ எண்ணூறு என்றார்கள். கேழ்வரகுக் கூழ் ஊட்டச் சொன்னார்கள், பாதியைத் துப்புகிறாள். நேற்று மத்தியானம் லாரி ஒன்றும் வராத நேரத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு நம் மேடையில் ஏறினேன். நான் மட்டும் நின்றால் ஐம்பது காட்டுகிறது. அவளை இடுப்பில் வைத்து நின்றாலும் அதே ஐம்பது. நான் நாற்பத்தாறு, அவளோடு சேர்ந்தால் ஐம்பத்திரண்டு. அதற்கு இரண்டும் ஒன்றுதான். பத்துப் பத்தாகத்தான் தாவும், நடுவில் உள்ளது அதன் கண்ணில் படாது. வாழைத்தார் லாரிக்கு அது போதும் என்று வாங்கினது. எண்ணூற்று எழுபது என்று அது காட்டினால் உண்மையில் எண்ணூற்று அறுபத்தைந்தாகவும் இருக்கலாம், எழுபத்து நாலாகவும் இருக்கலாம். காலேஜில் பௌதிக லேபில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். மேடையை நம்பி எதையும் கழற்றினால் மோசம்தான். ஆறு கிலோ பிள்ளை அதற்கு இல்லாத பிள்ளை. எனக்கு மனசு கேட்கவில்லை, அவளை இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டேன். பெயர் எழுதுங்கள் மாமா. ஏழு மாதம் ஆகிறது.

பதிலை எதிர்பார்த்து,
பவானி


கோயம்புத்தூர்
2.9.2024

பவானிக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது, படித்தேன். டயர் புதிது. மழை என்றாலும் ஓட்டுவார்கள், பயப்படாதே. பட்டையை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறேன். நீ சொன்ன மாதிரியே ஏழு கிலோவையும் கழற்றி, மீதியை ராக்கையா முடுக்கிவிட்டான். பயிற்சியில் ஆதித்தனைவிடக் கால் வினாடி முன்னால் இருக்கிறேன். கணக்கு அப்படியே பலிக்கிறது.

பாப்பாவுக்கு முத்தம்.

ஈஸ்வரன்


கோயம்புத்தூர்
19.9.2024

பவானிக்கு,

உயிரோடு இருக்கிறேன். உனக்கு அதுதானே தெரிய வேண்டும்.

ஆதித்தன் நாலாவது. நான் இரண்டாவதாக வந்தேன். முதல் ஐந்து கார்களையும் கயிறு கட்டின இடத்துக்குள் விட்டார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சங்கரலிங்கம் அண்ணன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். தராசில் ஏற்றினார்கள். பரிசோதகர் எட்டிப் பார்த்தார். “இறக்கி மறுபடி ஏத்துங்க” என்றார். மறுபடியும் அதே எண். 856.8.

நான் உட்கார்ந்தபடியே கத்தினேன். “சார், தராசு தப்பு!”

அவர் கோபப்படவே இல்லை. முத்திரை வைத்த இருபது கிலோ கட்டியைக் கொண்டுவரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் தராசில் வைத்தார். இருபது காட்டியது. இன்னொன்று வைத்தார். நாற்பது. “தம்பி, தராசு சரிங்க. நீங்கதான் மூணு கிலோ இருநூறு கம்மி.”

ஈயத்தின் முத்திரையைப் பார்த்தார்கள், அறுபடவில்லை. நான் ஓவராலுக்குள்ளிருந்து உன் சீட்டை எடுத்து நீட்டினேன். வியர்வையில் ஊறிப் போயிருந்தது. அவர் அதை வெயிலில் பிடித்து உரக்கப் படித்தார். “வாழைத்தார், தேங்காய், மணல் எடை போடப்படும். என்னங்க தம்பி இது?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆதித்தன், இருபத்திரண்டு வயசுப் பயல், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, “அண்ணே, தாரை எங்கயாச்சும் இறக்கி வச்சிட்டு வந்துட்டீங்களா?” என்றான். அதற்கும் சிரித்தார்கள். தண்ணீர் கொடுக்கலாம் என்று ஆன பிறகும் ஒருவனும் எனக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை.

சங்கரலிங்கம் அண்ணன் தனியாகக் கூப்பிட்டார். “ஈஸ்வரா, தோத்தவனுக்குக்கூட நான் சீட் கொடுப்பேன். திருடனுக்குக் கொடுக்க மாட்டேன். ஈயத்தைக் கழட்டிட்டு ஓட்டுனா தெரியாதுன்னு நினைச்சயா?” ஆதித்தன் பெயரைச் சொல்லிவிட்டார்.

ராக்கையாதான் ஏழுக்குப் பதில் பத்தாகக் கழற்றியிருக்க வேண்டும். வேறு யார்? எல்லோர் முன்னாலும் அறைந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

ஈஸ்வரன்


சின்னமனூர்
1.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

பவானி எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உங்கள் மனசு எப்படி இருக்கும் என்று தெரிகிறது.

போனது போகட்டும். முழுதாக இருக்கிறீர்கள், அதுவே எனக்குப் போதும். உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். “அடப் பாவமே” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். மறுநாளே மேற்கு ஏக்கரில் உழவு ஓட்டிவிட்டார். நிழல் வலைக்கு அளவு எடுக்க ஆள் வந்து போனது. நீங்கள் வந்து நின்றால் போதும். மாட்டுப் பொங்கலுக்குள் முதல் கன்று விற்றுவிடலாம் என்கிறார்.

ராக்கையா அண்ணன் வந்தார். மேடை ஓரத்தில் நின்று, உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார். “தங்கச்சி, ஏழு கிலோத்தேன் கழட்டுனேன். எம்பிள்ளை மேல சத்தியம். நாப்பது பேரு பாக்க அவென் கன்னத்துல வச்சுட்டான் ஆத்தா. இந்தா, கடவாப் பல்லு ஆடுது. நான் என்ன தப்பு செஞ்சேன்னு ஒனக்காச்சும் தெரியுமா?”

எனக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது அண்ணே என்றேன். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

பாப்பா உட்காருகிறாள். 6 கிலோ 300. பெயரை நேரில் வந்தே சொல்லுங்கள். இனி அவசரமில்லை. எப்போது வருகிறீர்கள்?

உங்கள்
பவானி


கோயம்புத்தூர்
13.10.2024

பவானிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் எழுது.

ஷெட்டைக் காலி செய்யும்போது ராக்கையா கழற்றின ஈயம் ஒரு சாக்கில் கிடந்தது. பழைய இரும்புக் கடையில் கொண்டுபோய் நிறுத்தேன். சரியாக ஏழு. அப்படியானால் தப்பு அவனிடம் இல்லை. என் காரும் 870 இல்லை.

உன் அப்பாவின் மேடை பொய் மேடையா? நீ தினமும் அங்கே உட்கார்ந்திருக்கிறாய், பௌதிகம் படித்தவள், சீட்டு எழுதியவளும் நீதான். உனக்கு ஏதாவது தெரியுமா? தெரிந்து எழுதாமல் இருந்தாயா?

ஈஸ்வரன்


சின்னமனூர்
20.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

பவானி எழுதுவது. நாங்கள் நலம்.

அப்பாவின் மேடை பொய் சொல்லாது. போன மாதம்தான் முத்திரை புதுப்பித்தோம். அது எப்படிச் சொல்லும் என்பதை ஆகஸ்ட் 18 கடிதத்தில் எழுதியிருக்கிறேன். மூன்றாவது பத்தி, பாப்பா குப்புற விழுந்ததிலிருந்து தொடங்கும். மேடையை நம்பி எதையும் கழற்ற வேண்டாம் என்றும் அதிலேயே இருக்கிறது. கடிதம் கிடைத்தது, படித்தேன் என்று நீங்கள் கைப்பட எழுதியதும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

எனவே எழுதாமல் இருந்தாயா என்று கேட்காதீர்கள். எழுதினேன்.

காரைப் பற்றிய பத்தியில் எழுதியிருக்கலாமே என்பீர்கள். எழுதியிருக்கலாம்.

நிழல் வலை வந்து இறங்கிவிட்டது.

உங்கள்
பவானி


கோயம்புத்தூர்
15.12.2024

பவானிக்கு,

ஈஸ்வரபாண்டி எழுதுவது. இரண்டு மாதமாக எழுதவில்லை. போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. உன் அப்பா எடுத்து, “நல்லாருக்கோம் மாப்ள” என்று வைத்துவிடுகிறார்.

அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. நீ எப்போதும் எடையை எண்ணால்தான் எழுதுவாய். 5 கிலோ 100, 5 கிலோ 400. அந்த ஒரு பத்தியில் மட்டும் எழுத்தால் எழுதியிருக்கிறாய். 870 என்று எண்ணால் எழுதியிருந்தால், எவ்வளவு வேகமாகப் பார்வையை ஓட்டினாலும் அதில் வந்து இடித்திருப்பேன். உனக்கு அது தெரியும். படிக்காதது என் தப்பு. படிக்க மாட்டேன் என்று தெரிந்து, அந்த இடமாகப் பார்த்து எழுதினது என்ன, நீயே சொல்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் ஆகஸ்ட் கடிதத்தையும் அக்டோபர் கடிதத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நேராகச் சங்கரலிங்கம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் நிதானமாகப் படித்தார். அவர் சம்சாரத்தையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். பிறகு சிரித்தார். “அட ஈஸ்வரா, நீ திருடலை. ஊட்டுக்காரியே உன்னைய எடை போட்டுட்டா.” அப்போதே சென்னைக்குப் போன் போட்டார். ஆதித்தனுக்குப் பதில் நான். மூன்று வருடம். ஜனவரி 20ல் சேர வேண்டும். உன் கடிதம்தான் சீட்டை வாங்கிக் கொடுத்தது, அதற்கு நன்றி. டிராக்கில் எல்லோருக்கும் உன்னைத் தெரியும் இப்போது. புதிதாகக் கல்யாணம் ஆனவனிடம் “சம்சாரம் லெட்டரை முழுசாப் படிச்சியா?” என்று கேட்டுச் சிரிக்கிறார்கள்.

ராக்கையாவிடம் சொல்லவில்லை. மேகமலைக்கு எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறானாம். என்ன முகத்தோடு சொல்ல?

ஒன்று எழுத வேண்டும். அந்தப் பத்தியைத் தேடப் போய், உன் எல்லாக் கடிதத்திலும் பாப்பா பகுதியைப் படித்துவிட்டேன். ஊசி போட்டுக் காய்ச்சல் வந்தது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. கூழைத் துப்புவது தெரிகிறது. திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன், மேலே படிக்க ஒன்றும் இல்லை. இப்போது என்ன எடை? பச்சைக்கு வந்துவிட்டாளா? பல் எத்தனை? நிற்கிறாளா? என் முகம் அவளுக்குத் தெரியுமா?

ராக்கம்மாள் என்று வை. அம்மா போகும்போது நான் ஓட்டத்தில் இருந்தேன். வாய்விட்டு அந்தப் பெயரைக் கூப்பிட எனக்கு ஒரு ஆள் வேண்டும். தை பிறந்ததும் மூன்று நாள் விடுப்பு இருக்கிறது, பெயர் வைக்க வருகிறேன். தேதி மட்டும் எழுது. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஈஸ்வரன்


சின்னமனூர்
5.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பவானி எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உங்கள் நலத்தை அறிய ஆவல்.

சீட் கிடைத்தது பற்றி மகிழ்ச்சி. சென்னை வகுப்பில் காரும் ஆளும் சேர்த்துக் குறைந்தபட்சம் எவ்வளவு என்று எழுதவில்லையே? அது தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. உங்கள் எடையை இப்போதே 66க்கு இறக்கிவிடுவது நல்லது. இன்னும் 8 கிலோ. இரவுச் சாப்பாட்டோடு அந்த மத்தியானத் தோசையையும் விட்டுவிடலாம். கொள்ளுப் பொடி இனி அனுப்பவில்லை. அதுவும் எடைதானே?

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முந்தின நாள் அவர்கள் தராசிலேயே ஏற்றிப் பாருங்கள். வரிசையில் நிற்கக் கூச்சப்படாதீர்கள். 1 கிலோ கையிருப்பு போதாது, வெயில் காலத்தில் 3 வைத்துக்கொள்ளுங்கள். முதல் வளைவில் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம். மூன்று வருடச் சீட், பயந்து ஓட்டினால் நிலைக்காது. விடுப்பு மூன்று நாளையும் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வந்து போனால் உடம்பு அலுத்துவிடும், விருந்துச் சாப்பாட்டில் எடையும் ஏறிவிடும்.

மேற்கு ஏக்கரில் கன்று நட்டாகிவிட்டது. ராக்கையா அண்ணன் ஜீப்பை விட்டுவிட்டு நர்சரியைப் பார்த்துக்கொள்கிறார். நடந்ததை நானே அவரிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுக் கன்றுக்குத் தண்ணீர் விடப் போனார். உங்களைப் பற்றிக் கேட்கவில்லை.

மார்கழி கழியும்வரை காத்திருக்க வேண்டாம் என்று, உங்கள் கடிதம் வருமுன்பே, கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில் பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டோம். ராக்கையா அண்ணன்தான் தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்து காதில் மூன்று முறை சொன்னார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள்.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
பவானி